ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்க: முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை (கடலூர், புதுச்சேரி)

#1 · வார்டு_சிஸ்டர்_கடலூர்

வணக்கம். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் வீட்டார் செலவைக் கேட்கிறார்கள், எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சீழ் பிடிக்காமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி மட்டும் தையல் சிவந்த பிறகுதான் வருகிறது. அதற்காகவே இந்த இழை. துறையில் இருப்பவர்கள் அவரவர் பகுதியை எழுதுங்கள். வார்டு பக்கம் நான் தொடங்குகிறேன்.

அவசர ஆபரேஷன் இல்லையென்றால் கையில் சில வாரம் இருக்கும், அதை வீணாக்காதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர் குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. வெட்டிய ஓரத்துக்கு ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளை அணு கிருமியைக் கொல்ல முடியாது, தையலும் ஒட்டாது. முந்தின நாள் மட்டும் நிறுத்திவிட்டு வருவதால் புண்ணுக்குக் கிடைக்கும் பலன் குறைவு.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்துவிடுங்கள். 8, 8.5-ஐத் தாண்டியிருந்தால், தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் பொதுவான வழக்கம். மாத்திரை, இன்சுலினை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

உடம்பில் வேறெங்காவது கொப்புளம், சேற்றுப்புண், சொத்தைப்பல் வீக்கம், நீர்க்கடுப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் நின்றுவிடுமோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய. மூட்டு மாற்றும் ஆபரேஷனில் கால் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணைக்கூட ஆற்றிவிட்டுத்தான் மேலே போவார்கள்.

முந்தின இரவு ஒரு குளியல், காலையில் ஒரு குளியல். சாதாரண சோப்பே போதும். குளித்த பின் எண்ணெய், பவுடர், சந்தனம் பூச வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகப்பூச்சும் மருதாணியும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தப்பாகக் காட்டும். வயிற்று ஆபரேஷன் என்றால் அரைஞாண் கயிற்றை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வியர்வை ஊறிய கயிறு அது.

தொப்புளை மறந்துவிடாதீர்கள். பித்தப்பை, குடல்வால் போன்ற லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும்) ஆபரேஷனில் முதல் குழாய் அனேகமாகத் தொப்புள் வழியாகத்தான் நுழைகிறது. உள்ளே கறுத்துக் கெட்டியான அழுக்கு இருந்தால் தியேட்டரில் அதன்மேல் எவ்வளவு மருந்து தடவினாலும் அடிக்குப் போகாது. முந்தின நாள் மாலை இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு அரை மணி ஊறவைத்து, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் மெல்ல எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். நகத்தால் நோண்டாதீர்கள், கீறல் விழும்.

#2 · பரங்கிப்பேட்டை_வாசகர்

நன்றி சிஸ்டர். அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கு வலை வைக்கப் போகிறார்கள். முந்தின நாளே சலூனில் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிடலாமா? ஆஸ்பத்திரியில் கூச்சப்படுகிறார்.

#3 · தியேட்டர்_நர்ஸ்_புதுவை

வேண்டாம் தம்பி. வீட்டு பிளேடும் வேண்டாம்.

பிளேடு தோலை வழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நூற்றுக்கணக்கில் விழும். ஒவ்வொரு கீறலிலும் கசியும் நீரில் கிருமி இரவு முழுக்கப் பெருகும். மறுநாள் காலை கத்தி வைக்கும் இடம் முன்னைவிட அழுக்காகிவிடுகிறது. வழித்த நேரத்துக்கும் ஆபரேஷனுக்கும் இடைவெளி கூடக் கூட மோசம்.

கத்தி வைக்கும் இடத்தை முடி மறைக்காது என்றால் எடுக்கவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மின்சாரக் கிளிப்பர். தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவு முடி நிற்கும், அது போதும். ஆபரேஷன் அன்றே, தியேட்டருக்கு வெளியே வைத்து எடுத்து, உதிர்ந்ததை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். கிளிப்பரின் தலைப்பகுதி ஆளுக்கு ஒன்று. ஒரே தலையை வார்டு முழுக்கச் சுற்றவிட்டால் கிளிப்பர் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

‘பார்ட்ஸ் பிரிபரேஷன்’ என்று முந்தின இரவே பிளேடால் வழித்துவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கூச்சம் இருந்தால் ஆண் உதவியாளரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். தப்பில்லை.

#4 · மயக்கவியல்_புதுவை

தியேட்டருக்குள் நடப்பதில் வெளியே தெரியாத ஒன்று, ஆன்டிபயாடிக் ஊசியின் நேரம். கத்தி தோலைத் தொடும் நொடியில் மருந்து ரத்தத்திலும் திசுவிலும் நிரம்பி நிற்க வேண்டும். செஃபாசோலின் என்றால் வெட்டுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் நரம்பில் போட வேண்டும். பெரியவர்களுக்கு 2 கிராம், எடை 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம், குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 30 மி.கி. ஆபரேஷன் 4 மணி நேரம் தாண்டினாலோ ரத்த இழப்பு ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ இன்னொரு டோஸ். வான்கோமைசின் மெதுவாக ஏற வேண்டிய மருந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டாக ஏற்ற வேண்டும். அதனால் 2 மணி நேரம் முன்பே தொடங்குவார்கள். முழங்கால் ஆபரேஷனில் ரத்த ஓட்டத்தை நிறுத்தப் பட்டை இறுக்குவதற்கு முன்பே மருந்து முழுதும் ஏறியிருக்க வேண்டும். இறுக்கிய பிறகு போட்டால் அந்தக் காலுக்கு மருந்தே போகாது.

வார்டிலேயே காலை 7 மணிக்குப் போட்டு அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பட்டியலில் மூன்றாவது ஆளாக இருந்து 11 மணிக்குத்தான் உள்ளே எடுத்தார்கள் என்றால், வெட்டும்போது பாதுகாப்பு வடிந்துபோயிருக்கும். செஃபாசோலினின் பாதி, ரத்தத்திலிருந்து ஏறத்தாழ 2 மணி நேரத்தில் போய்விடும். ஊசியை வார்டில் கொடுக்காமல் தியேட்டரில் மயக்க மருத்துவர் கையில் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. வெட்டுக்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று சரிபார்க்கும் பட்டியலில் ‘ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா, எத்தனை மணிக்கு’ என்பதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அடுத்தது குளிர். மயக்கம் கொடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் உடல் சூடு ஒன்று, ஒன்றரை டிகிரி இறங்கிவிடும். 36-க்குக் கீழே போனால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், புகை பிடிப்பவருக்கு நடக்கும் அதே சேதம். மே மாத வெயிலில் வியர்த்துக்கொண்டு வருபவருக்கும் உள்ளே ஏசியில் இதுதான் நடக்கிறது. முன்கூட்டி அரை மணி நேரம் கம்பளியோ வெப்பக்காற்றுப் போர்வையோ போர்த்தி, ஏற்றும் நீரையும் வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் பெருமளவு தடுக்கலாம். நோயாளி ‘குளிருது’ என்றால் ‘கொஞ்ச நேரம்தான்மா’ என்று விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை இல்லாதவருக்கும் ஆபரேஷன் அழுத்தத்தில் சர்க்கரை ஏறும். முடிந்தவரை 180-க்குள், எப்படியும் 200-ஐத் தாண்டாமல் வைத்திருக்க வேண்டும். ஆபரேஷன் மேசையில் மட்டும் பார்த்தால் போதாது, அடுத்த இரண்டு நாளும் பார்க்க வேண்டும்.

#5 · மஞ்சக்குப்பம்_சர்ஜன்

எல்லாம் சரி. ஆனால் ஆபரேஷன் நேரத்து டோஸோடு ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றனவே, அந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நம்ம ஊர் நோயாளி மூன்றாம் நாள் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார். கொல்லையில் மாடு, வாசலில் ஈ, மழைக்காலத்தில் முட்டளவு தண்ணீர். அவருக்கு 5 நாள் ஊசி, அடுத்து 5 நாள் மாத்திரை கொடுத்து அனுப்பினால்தான் இரவு நிம்மதியாகத் தூங்க முடியும். சீழ் வந்தால் பதில் சொல்வது நான்தானே, வழிகாட்டி எழுதியவர்கள் இல்லையே.

#6 · நுண்ணுயிர்_லேப்_புதுவை

டாக்டர், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மாட்டுக்கும் ஈக்கும் அந்த மாத்திரை காவல் இல்லை. காரணம் இதுதான்.

புண்ணுக்குள் கிருமி போவது பெரும்பாலும் அது திறந்திருக்கும் நேரத்தில்தான். வருவது நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தும் குடலிலிருந்தும், சில நேரம் நம் கையிலிருந்தும் கருவியிலிருந்தும். தைத்து மூடிய வெட்டு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மேலே ஒட்டி அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு கொடுக்கும் மருந்து என்ன செய்யும்? உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து போகாது. போகாத இடத்தில் கிருமி வளரும். போகும் இடத்தில், அதாவது குடலில், நல்ல கிருமி அழிந்து மருந்துக்கு மசியாத வகை மிஞ்சும். பத்தாம் நாள் சீழ் வந்தால் அதை உண்டாக்குவது அந்த மிஞ்சிய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மாத்திரையில் முடியாது, விலையுயர்ந்த ஊசிதான்.

ஆபரேஷன் முடிந்த பின் தடுப்பு ஆன்டிபயாடிக்கை நீட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி உறுதியாகவே சொல்கிறது. உள்ளே தேங்கும் நீரை வடிக்கும் டிரெயின் குழாய் இருக்கிறது என்பதற்காகவும் நீட்ட வேண்டியதில்லை. குழாயைச் சீக்கிரம் எடுப்பதுதான் வழி.

ஒரு வேறுபாட்டை மட்டும் கலக்காதீர்கள். குடல்வால் வெடித்திருந்தால், வயிற்றில் ஏற்கெனவே சீழ் இருந்தால், அங்கே கொடுப்பது தடுப்பு இல்லை, சிகிச்சை. அதற்கு நாள் கணக்கு உண்டு. அங்கேகூட சீழை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் 4 நாள் போதும்.

#7 · மஞ்சக்குப்பம்_சர்ஜன்

ரத்தக் கட்டி பற்றிச் சொன்னது உண்மை. சுத்தமான வெட்டில் சீழ் வந்த இடத்தைத் திறந்தால் பழைய ரத்தம் இருப்பது வழக்கமாகப் பார்ப்பதுதான். சரி, மாத்திரையை விடுகிறேன். அந்த இடத்தில் வேறெதை இறுக்கிப் பிடிக்க வேண்டும்?

#8 · தியேட்டர்_நர்ஸ்_புதுவை

டாக்டர், முதலில் தோல் மருந்தைக் காய விடுங்கள். இதைத்தான் தியேட்டரில் அடிக்கடி தியாகம் செய்கிறார்கள்.

2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட், சாதாரணத் தோலுக்கு நல்ல தேர்வு. உலர்ந்த இடத்தில் முன்னும் பின்னுமாக 30 விநாடி, அக்குள், தொடையிடுக்கு போன்ற ஈர இடங்களில் 2 நிமிடம் தேய்த்து, குறைந்தது 3 நிமிடம் தானாகக் காய விட வேண்டும். துணியால் ஒற்றக் கூடாது. முடி அடர்ந்த இடத்தில் காய இன்னும் நேரம் எடுக்கும். முதுகுக்கு அடியில் வழிந்து தேங்கினால், காட்டரி (ரத்தத்தை நிறுத்தச் சுடும் மின்கருவி) வைத்ததும் தீப்பிடிக்கும். விரிப்பைப் போர்த்துவதற்கு முன் பக்கவாட்டில் கையை விட்டுப் பாருங்கள், நனைந்த துணி இருந்தால் உருவிவிட வேண்டும்.

பீட்டாடின் போட்டாலும் அதே கதைதான். பழுப்பு நிறம் தெரிந்தாலே வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே வெட்டினால் அயோடினுக்குக் கிருமியைக் கொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். கண்ணிலும் நடுக்காதிலும் குளோர்ஹெக்சிடின் படவே கூடாது.

கை கழுவுவதிலும் ஒன்று. பிரஷ் போட்டுத் தோலைத் தேய்ப்பது இப்போது தேவையில்லை, தோல் உரிந்து கிருமி கூடும். நாளின் முதல் கேஸுக்கு முன் சோப்பும் நகம் சுத்தம் செய்யும் குச்சியும். பிறகு கையை முழுக்கத் துடைத்து உலர்த்திவிட்டு ஸ்பிரிட் கைமருந்தை முழங்கை வரை தேய்க்க வேண்டும். ஈரக் கையில் தேய்த்தால் மருந்து நீர்த்துவிடும்.

கதவு. எத்தனை முறை திறக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வராந்தாக் காற்று உள்ளே வருகிறது. மெஷ் (வலை), உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் எல்லாம் தொடங்குவதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும், நடுவில் ஆளை அனுப்பி எடுத்துவரச் சொல்வதைத் தவிர்க்கலாம்.

#9 · ஸ்டெரிலைசேஷன்_டெக்னீசியன்

கருவிகளைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

கழுவாத கருவியை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) வைத்தால் அழுக்கு வேகுமே தவிர, போகாது. காய்ந்த ரத்தத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவி தொடாது. ஆபரேஷன் முடிந்ததும் கருவியை உலர விடாமல் ஈரத்துணி போட்டு மூடி அனுப்ப வேண்டும். சலைனில் ஊறப்போடாதீர்கள், துருப்பிடிக்கும். என்சைம் திரவத்தில் அதன் லேபிள் சொல்லும் நேரம் ஊறவைத்து, தண்ணீருக்கு அடியிலேயே பிரஷ் போட வேண்டும். தண்ணீருக்கு மேலே தேய்த்தால் துளி தெறித்து உங்கள் முகத்துக்குத்தான் வரும். கத்தரி, ஃபோர்செப்ஸின் பூட்டைத் திறந்து கீல் இடுக்கைப் பாருங்கள், பழுப்புக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சின்ன ஆஸ்பத்திரிகளில் உள்ள செங்குத்து ஆட்டோகிளேவ் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். துணியில் சுற்றிய பொதிக்கு அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து 30 நிமிடம். உள்காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிட வகையில் 134 டிகிரியில் 4 நிமிடம். செங்குத்து வகையில் அதிகம் தவறுவது காற்றை வெளியேற்றுவதில்தான். மூடியில் உள்ள வால்வில் நீராவி தொடர்ந்து பீறிட்டு வரும்வரை விட்டு, பிறகு அடைக்க வேண்டும். காற்று உள்ளே சிக்கிவிட்டால் மீட்டர் 15 பவுண்டு காட்டும், உள்ளே சூடு 121 வந்திருக்காது. அழுத்தத்தை மட்டும் பார்த்து ‘ஆச்சு’ என்று இறக்கிவிடுவார்கள்.

டிரம்மில் துணியைத் திணித்து மூடுவது இன்னொரு கேடு. உள்ளங்கையைப் பக்கவாட்டில் விட முடிகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். டிரம்மின் பக்கத் துளைகளைத் திறந்து உள்ளே வைக்க வேண்டும், வெளியே எடுத்த கையோடு மூட வேண்டும். இரண்டையுமே மறக்கிறார்கள்.

மேலே ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பொதி சூட்டைப் பார்த்தது என்று மட்டும்தான் பொருள். பொதியின் நடுவில் வைக்கும் ரசாயனக் காட்டி, வாராவாரமாவது போடும் ஸ்போர் சோதனை (சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகள் செத்தனவா என்று பார்ப்பது), வெற்றிட வகைக்குத் தினமும் காலையில் உள்ளே வேறு பொதி இல்லாமல் போடும் போவி-டிக் சோதனை (காற்று முழுக்க வெளியேறுகிறதா என்று பார்ப்பது), இவைதான் ஆதாரம். இம்ப்ளான்ட் உள்ள லோடு ஒவ்வொன்றுக்கும் ஸ்போர் சோதனை வேண்டும். ஈரமாக வெளியே வந்த பொதியைப் பயன்படுத்தவே கூடாது. ஈரத்துணி வழியாகக் கிருமி திரி போல உள்ளே ஊறிவிடும்.

கடற்கரை ஓரத்து போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஆட்டோகிளேவில் ஊற்றினால் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும், கருவியில் வெள்ளைப் புள்ளி விழும். ஆர்ஓ தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றுங்கள்.

இப்போது லேப்ராஸ்கோப்பிக்கு வருகிறேன். ஒரே நாளில் ஐந்து கேஸ், கருவி ஒரே செட். கேஸுக்கும் கேஸுக்கும் நடுவே குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினித் திரவத்தில் 20 நிமிடம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, அடுத்தவருக்குக் கொடுப்பது. இந்த ஒரு பழக்கத்தில் மூன்று தவறு இருக்கிறது. 20 நிமிடம் என்பது கிருமிநீக்கம் மட்டும், ஒரு கிருமிகூட மிஞ்சாத முழு ஸ்டெரிலைசேஷனுக்கு 10 மணி நேரம் வேண்டும். நீண்ட குழாய்க் கருவியைப் பிரிக்காமல் போட்டால் உள்ளே காற்றுக்குமிழி நிற்கும், மருந்து அந்த இடத்தைத் தொடாது. குழாய்த் தண்ணீரில் அலசினால் ஊறவைத்த பலன் முழுக்கப் போகும்.

பிரியும் கருவிகளே வாங்குங்கள். கைப்பிடி, உறை, உள்கம்பி என மூன்றாகப் பிரித்து, குழாய்க்குள் நீண்ட பிரஷ் விட்டு மறுமுனையில் சுத்தமாக வரும்வரை இழுத்து, 134 டிகிரியில் வைக்கலாம் என்று கம்பெனி எழுதியிருந்தால் ஆட்டோகிளேவில்தான் வைக்க வேண்டும். சூடு தாங்காததற்குப் பிளாஸ்மா ஸ்டெரிலைசரோ எத்திலீன் ஆக்சைடு வாயுவோ. ஃபார்மலின் மாத்திரை போட்ட பெட்டியில் இரவு முழுக்க வைப்பதை ஸ்டெரிலைசேஷன் கணக்கில் சேர்க்காதீர்கள்.

#10 · நுண்ணுயிர்_லேப்_புதுவை

குழாய்த் தண்ணீர் பற்றித் தம்பி சொன்னதை அடிக்கோடிடுகிறேன். தண்ணீரிலும் மண்ணிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியா வகைகள் உண்டு. அவற்றில் சில குளூட்டரால்டிஹைடுக்கே மசிவதில்லை. லேப்ராஸ்கோப்பித் துளையில் இவை நுழைந்தால் முதல் வாரம் எல்லாம் நன்றாக ஆறிவிடும். தையல் பிரித்து, நோயாளி வேலைக்கும் போய்விடுவார். மூன்று நான்கு வாரம் கழித்து, சில நேரம் மாதங்கள் கழித்து, தழும்புக்கு அடியில் பட்டாணி போல ஒரு முடிச்சு வரும். வலி பெரிதாக இருக்காது, காய்ச்சலும் இருக்காது. பிறகு உடைந்து நீர் போலக் கசியும், மூடும், மறுபடி உடையும். வழக்கமான ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காது.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சீழைச் சாதாரணக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மட்டும் அனுப்பாதீர்கள். ஆசிட்-ஃபாஸ்ட் ஸ்மியரும் (சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது) மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் என்று படிவத்தில் எழுதுங்கள். ஸ்மியரில் தெரிந்துவிட்டது என்று உடனே காசநோய் மருந்தும் தொடங்க வேண்டாம். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனை காசநோய்க் கிருமியை மட்டும்தான் காட்டும், இந்த வகைகளைக் காட்டாது. ஸ்மியர் பாசிட்டிவ், ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்றால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். சிகிச்சை மாதக்கணக்கில் போகும், சிலருக்கு அந்தப் பாதையை வெட்டி எடுக்க வேண்டியும் வரும். ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கு இப்படி வந்தால் கருவி கழுவும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

#11 · நெல்லிக்குப்பம்_மருந்தாளுநர்

இடையில் கரண்ட் போனால் ஆட்டோகிளேவின் சைக்கிளை (ஒரு முழு ஓட்டத்தை) விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? புயல் மழை நேரத்தில் இது பெரிய பிரச்சினை.

#12 · ஸ்டெரிலைசேஷன்_டெக்னீசியன்

கூடாது அண்ணா. சூடு இறங்கியிருந்தால் முதலிலிருந்து முழுச் சைக்கிள். 20 நிமிடம் ஓடிவிட்டது, மீதி 10 ஓட்டினால் போதும் என்று கணக்குப் போடக் கூடாது.

2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரையேறியபோது கடலூர்ப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரி எப்படி மூழ்கியது என்பதும் தெரியும். அக்டோபர் பிறந்ததும் ஜெனரேட்டர் ஆட்டோகிளேவின் சுமையைத் தாங்குகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். லைட்டும் ஏசியும் எரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டெரைல் பொதிகள் தரையிலிருந்து ஓரடியாவது மேலே, வெளிச்சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். ஓரம் நனைந்தாலும் பொதி முழுக்க மறுபடி ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும்.

#13 · வார்டு_சிஸ்டர்_கடலூர்

இனி ஆபரேஷனுக்குப் பின். தியேட்டரில் போட்ட டிரெஸ்ஸிங்கை, நனையாமல் கழலாமல் இருந்தால், 48 மணி நேரம் தொடாதீர்கள். ‘ஒரு தடவை பார்த்துவிடலாமே’ என்று பிரிப்பதே கிருமிக்கு வழி. சிறுநீர்க் குழாய் தேவை முடிந்த அன்றே வெளியே வர வேண்டும், நீங்களே கேட்கலாம்: ‘சிஸ்டர், இது இன்னிக்கும் வேணுமா?’ கையில் உள்ள ஊசிக்குழாய்க்கும் இதே கேள்விதான்.

48 மணிக்குப் பிறகு, டாக்டர் தடை சொல்லாத சாதாரண வெட்டு என்றால், சொம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தண்ணீர் படவே கூடாது என்று பத்து நாள் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தால், நம்ம ஊர் வியர்வைக்கு மடிப்பெல்லாம் வெந்துபோகும். சோப்பு நுரை மேலே வழிந்து போனால் போதும், தேய்க்க வேண்டாம். சுத்தமான பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். புண்ணுக்கென்று தனித் துண்டு, அதை வெயிலில் காயப்போட வேண்டும். குளம், கடல், தொட்டி மட்டும் முழுக்க ஆறும்வரை வேண்டாம்.

புண்மேல் மஞ்சள், சாம்பல், வேப்பிலை அரைப்பு, திருநீறு எதுவும் போடாதீர்கள். அக்கறையோடுதான் போடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் அம்மியில் அரைத்தது ஸ்டெரைல் இல்லை. ஆன்டிபயாடிக் பவுடரும் வேண்டாம். அது கசிவோடு சேர்ந்து மாவு போலக் கட்டி, அடியில் சீழைத் தேக்கும், மேலே பார்த்தால் உலர்ந்தது போலத் தெரியும்.

#14 · திருப்பாதிரிப்புலியூர்_வாசகி

அக்கா, மாமியார் முட்டை, மீன், பருப்பு எதுவும் கொடுக்கக் கூடாது, சீழ் பிடிக்கும் என்கிறார். பத்து நாள் ரசம் சாதம் மட்டும்தானா?

#15 · உணவியல்_புதுவை

அம்மா, உங்கள் மாமியார் பயப்படுவது புரிகிறது, தலைமுறையாக வந்த பத்தியம். ஆனால் சீழ் மீனிலிருந்து வருவதில்லை. புதுத் தோலும் வெள்ளை அணுவும் புரதத்தால் ஆனவை. ஆறும் காலத்தில் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 72 முதல் 90 கிராம். ரசம் சாதத்தில் இதில் கால்பங்குகூட வருமா என்பது சந்தேகம்.

இரண்டு முட்டை 12 கிராம். நூறு கிராம் மீன் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம். ஒரு டம்ளர் பால் 6, 7 கிராம். ஒரு கை நிறையப் பருப்பு பத்துக்கு மேல். காலை முட்டை, மதியம் சங்கராவோ மத்தியோ குழம்பாக, மாலை சுண்டல், இரவு பால் என்றால் கணக்கு நெருங்கிவிடும். சைவம் என்றால் பருப்பு, தயிர், பனீர், வேர்க்கடலை. பிரசவித்தவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் ஊர் இது, அதே நியாயத்தைத் தையல் போட்டவருக்கும் கொடுங்கள் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சொல்லில் உள்ள நல்லதை விட வேண்டாம், காரமும் எண்ணெயும் குறைவாக, புதிதாகச் சமைத்ததைச் சூடாகக் கொடுக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். குடல் ஆபரேஷன் என்றால் எப்போது எதைத் தொடங்குவது என்பதையும் சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

#16 · பிரசவ_வார்டு_நர்ஸ்

சிசேரியனுக்கு இரண்டு வரி. ஆன்டிபயாடிக் குழந்தையை எடுத்த பிறகு போடுவது பழைய முறை. இப்போது வெட்டுக்கு முன்பே. வலி வந்து பனிக்குடம் உடைந்தவர்களுக்கு வெட்டுக்கு முன் பிறப்புப் பாதையைப் பீட்டாடினால் துடைப்பதும் கருப்பைத் தொற்றைக் குறைக்கும்.

வயிறு மடிந்து தொங்கும் தாய்மாருக்குத் தையல் மடிப்புக்கு உள்ளேயே இருக்கும். படுக்கவைத்து மடிப்பைத் தூக்கி, உலர்ந்த காட்டன் துணியை உள்ளே வைத்து, நனைந்தால் மாற்ற வேண்டும். சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில்தான் வியர்வை ஊறும். தையலுக்கு மேலே இறுக்க வேண்டாம். தீட்டு நாற்றம் அடித்தாலும், காய்ச்சல் வந்தாலும் தையல் நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள், தொற்று கருப்பைக்குள் இருக்கலாம்.

#17 · கண்_தியேட்டர்_தவளக்குப்பம்_ரோடு

கண்புரைக்கு முன் 5 சதவீத போவிடோன் அயோடினைக் கண்ணுக்குள் விட்டு 3 நிமிடம் வைக்க வேண்டும். முடிவில் கண்ணுக்குள்ளேயே போடும் மாக்சிஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக், உள்தொற்றை வெகுவாகக் குறைத்ததை அரவிந்த் கண் மருத்துவமனைகளின் லட்சக்கணக்கான ஆபரேஷன் கணக்கு காட்டியிருக்கிறது. வீட்டில் சேலை முந்தானையால் கண்ணைத் துடைக்கக் கூடாது, சொட்டுமருந்துப் பாட்டில் முனை இமையில் படக் கூடாது. முதல் வாரத்தில் வலி கூடி, பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே, இரவானாலும்.

#18 · பரங்கிப்பேட்டை_வாசகர்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: எதைப் பார்த்தால் ஓடி வர வேண்டும், எது வழக்கமானது? சின்னதுக்கெல்லாம் போன் செய்தால் திட்டுவார்களோ என்று இருக்கிறது.

#19 · மஞ்சக்குப்பம்_சர்ஜன்

திட்டினாலும் பரவாயில்லை, செய்யுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் ஓரத்தில் மெல்லிய சிவப்பு, லேசான வீக்கம், நாளுக்கு நாள் குறையும் வலி, இவை வழக்கமானவை. சீழ் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தலைகாட்டும். குறைந்துவந்த வலி திரும்பிக் கூடுவதுதான் முதல் அடையாளம். அடுத்து சூடு, பரவும் சிவப்பு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாற்றம், சீழ். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் அன்றே வர வேண்டும்.

முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே தாங்க முடியாத வலி, தோல் கறுத்தல், நீர்க்கொப்புளம், அழுத்தினால் நறநறவென்ற உணர்வு என்றால் அது மிக வேகமாகப் பரவும் வகை, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியது. வயிற்று ஆபரேஷனில் ஐந்து முதல் எட்டாம் நாள்வாக்கில் மீன் கழுவிய தண்ணீர் போல இளஞ்சிவப்பாகத் திடீரென்று டிரெஸ்ஸிங் நனைந்தால், உள்தையல் விடுகிறது என்று பொருள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, படுக்கவைத்து, வாய்வழி எதுவும் கொடுக்காமல் ஆம்புலன்ஸுக்கு 108.

உங்கள் அப்பாவுக்கு வலை வைப்பதால், சீழ் வருகிறதா என்று கவனிக்கும் கணக்கு வழக்கமான 30 நாளோடு முடியாது, 90 நாள் வரை பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் வலை வைத்த தேதியும் அதன் வகையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போன் செய்யும்போது என்ன ஆபரேஷன், எத்தனையாவது நாள், காய்ச்சல் எவ்வளவு, கசிவு என்ன நிறம், சர்க்கரை எவ்வளவு, இந்த ஐந்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் அனுப்பினால் வர வேண்டுமா வேண்டாமா என்று அப்போதே சொல்லிவிட முடியும்.

#20 · வார்டு_சிஸ்டர்_கடலூர்

போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தோலில் படாமல் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி, சிவப்பின் அளவு தெரியும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.